சகலை செய்யாத மேசை

கண்ணாடிக்காரர் தன் செருப்பை அந்த அலமாரியில் வைப்பதில்லை. வாசல் கதவுக்கு வெளியே, மூன்று தட்டுகளோடு, மஞ்சள் வார்னிஷ் மினுமினுக்க நிமிர்ந்து நிற்கும் அலமாரி அது. மனைவியின் செருப்பும் மகளின் பள்ளிக்கூட ஷூவும் அதில் ஏறி உட்கார்ந்திருக்கும். அவருடைய செருப்பு மட்டும், வகுப்பை விட்டு வெளியே நிறுத்திய மாணவனைப் போலப் பக்கத்தில் தரையில் கிடக்கும். யாராவது கேட்டால், "ஈரமா இருக்கு, காயட்டும்னு விட்டேன்" என்பார். நாலு வருடமாக அந்தச் செருப்பு காயவில்லை.

அலமாரியைச் செய்தது அவருடைய சகலை. மனைவியின் அக்கா வீட்டுக்காரர், லிஃப்ட் மெக்கானிக். எந்த வேலையைச் சொன்னாலும் "இதெல்லாம் ஒரு மணி நேர வேலை" என்று சட்டைக் கையை மடித்துவிடுவார். பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் முடித்தும் விடுவார் என்பதுதான் கண்ணாடிக்காரருக்குத் தொல்லை. மனசுக்குள் அவருக்கு 'ஒருமணி' என்று பெயர் வைத்திருந்தார். வெளியே மரியாதையாக "அண்ணே". அவர்கள் குடியிருந்த மூன்றாம் மாடிக்கு லிஃப்ட் கிடையாது. சகலைக்கு வேலை வைக்கக்கூடாது என்றுதான் தேடிப் பிடித்து இந்த வீட்டை எடுத்தார் என்று மனைவி கிண்டல் செய்வாள். அதில் அரைவாசி உண்மை இருந்ததால் அவர் சிரிப்பதில்லை.

ஒருமணி கால் வைத்த வீடுகளில் எல்லாம் ஏதாவது ஒன்று முளைத்துவிடும். மாமனார் வீட்டுப் பால்கனியில் துணி காயப்போட ஏறி இறங்கும் கொடி. அக்கா வீட்டுச் சமையலறையில் இழுத்தால் வெளியே வரும் வெங்காயக் கூடை. உடைந்த ஜன்னல் சட்டத்தில் செய்த படச்சட்டம். ஒவ்வொன்றையும் அக்கா ஃபோனில் படம் எடுத்துக் குடும்பத்துக் குழுவில் போடுவாள். கீழே கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்து விழும். மற்றவர்கள் மூன்று மூன்றாகப் போட்டால் கண்ணாடிக்காரர் ஒன்று போடுவார். அந்த ஒன்றைப் போடவும் அவருக்கு அரைநாள் ஆகும்.

செருப்பு அலமாரி வந்த புதிதில் அதன் நடுத்தட்டில் ஒரு திருகு லேசாகத் தளர்ந்திருப்பதை அவர் கண்டுபிடித்தார். அன்றைக்குச் சாப்பிட்ட சாப்பாடு உடம்பில் ஒட்டியது. ஸ்க்ரூ டிரைவர் கையெட்டும் தூரத்தில் இருந்தும் முறுக்கவில்லை. விழட்டும் என்று விட்டுவிட்டார். தினமும் வேலைக்குக் கிளம்பும்போது செருப்பு மாட்டுகிற சாக்கில் குனிந்து ஒரு பார்வை பார்ப்பார். அது அசைந்தால்தானே.

இத்தனைக்கும் அவர் கை ஒன்றும் சோடை போன கையல்ல. கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருபத்திரண்டு வருடமாக லென்ஸ் பொருத்துகிறார். வட்டமாக வரும் லென்ஸை ஃப்ரேமின் வடிவத்துக்குத் தேய்த்து, கடைசி மயிரிழையைக் கையால் அரத்தில் உரசி உட்கார வைப்பார். அரை மில்லிமீட்டர் விலகினாலும் போட்டுக்கொள்பவருக்குத் தலை சுற்றும். அவர் கையில் விலகியதில்லை. ஆனால் அந்த வேலையை நன்றாகச் செய்தால் யாருக்கும் தெரியாது. கண்ணாடி போட்டவர் மூக்கின் மேல் ஒன்று இருப்பதையே மறந்துவிடுவார். மறக்காத சிலர் வந்து, முன்னால் நிற்கும் விற்பனைப் பெண்ணிடம் "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்பார்கள். அவளும் தானே தேய்த்ததுபோல் தலையாட்டி வாங்கிக்கொள்வாள். பின்னறையில் உட்கார்ந்து இவர் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருமணி செய்த கூடையோ இழுக்கும்போதெல்லாம் கிரீச்சென்று கத்தும். அந்தச் சத்தத்துக்கே நாலு பேர் எட்டிப் பார்த்து, "அட, இதையும் நீங்களா செஞ்சீங்க?" என்பார்கள். நினைக்கும்போதே அவருக்கு வயிறு எரியும்.

மேசைப் பேச்சு எழுந்தது பள்ளிக்கூட விடுமுறையில். வீட்டில் வாலு என்று அழைக்கப்படும் பத்து வயது மகள் படிப்பது, எழுதுவது, காகிதம் வெட்டி ஒட்டுவது எல்லாம் துணி தேய்க்கும் பலகை மேல்தான். உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம் என்பதால் அவளுக்கு அதன்மேல் ஒரு பிரியம். யாராவது சட்டை தேய்க்க வந்தால் புத்தகங்களை அள்ளிக்கொண்டு கட்டிலுக்குக் குடிபெயர வேண்டும்.

"என்னங்க, இவ இஸ்திரிப் பலகையிலயே படிச்சு டாக்டர் ஆயிடுவா போல," என்றாள் மனைவி.

"நல்லதுதானே."

"சுருக்கமில்லாத டாக்டரா வருவா. சுவத்துல மடக்கற மாதிரி ஒரு மேசை போட்டா என்ன? நான் அத்தானுக்கு ஒரு ஃபோன் போடறேன்."

ஃபோனை அவள் எடுத்துவிட்டாள். கண்ணாடிக்காரருக்குக் கண் முன்னால் எல்லாம் தெரிந்தது. ஒருமணி வருவார், கையை மடிப்பார், மேசை முளைக்கும். மகள் இனிப் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை தினமும் பெரியப்பா செய்த மேசையில் கை வைத்துத்தான் எழுதுவாள். வாசலில் செருப்பு அலமாரி, உள்ளே மேசை. பிறகு இந்த வீட்டில் அவர் செய்தது என்று எதைக் காட்டுவது?

"அவரை எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டு. நான் செய்யறேன்," என்றார்.

மனைவி வெளியூர் பஸ்களுக்கு முன்பதிவு செய்யும் கவுன்டரில் வேலை பார்ப்பவள். யார் எதைச் சொன்னாலும் அடுத்து அவள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

"தேதி?"

"என்ன தேதி?"

"தேதி சொன்னாத்தான் டிக்கெட். பள்ளிக்கூடம் திறக்க மூணு வாரம் இருக்கு. அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சுவத்துல மேசை இருக்கணும். இல்லேன்னா அத்தானைக் கூப்பிடுவேன். அப்போ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

"நான் எப்போ மூஞ்சியைத் தூக்கினேன்?"

"செருப்பு காஞ்சிடுச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

முதல் வாரம் முழுக்க அளவெடுப்பிலேயே போனது. கூடத்தில் ஜன்னலுக்கும் குளியலறைக் கதவுக்கும் நடுவே இருந்த சுவர்தான் இடம். பின்பலகை ஒன்று சுவரோடு சுவராக நிற்கும். அதில் கீல் போட்ட மேசைப்பலகை வேண்டும்போது கீழே இறங்கும், வேண்டாதபோது மேலே மடங்கும். சுவரின் வலது ஓரத்தில் ஒரு பிளக் பாயிண்ட். விளக்குக்கு அது வேண்டும் என்பதால் பின்பலகையில் அந்த இடத்தில் சதுரமாக ஒரு துளை. இவ்வளவுதான் திட்டம். ஒருமணியாக இருந்தால் இந்நேரம் துளையே போட்டிருப்பார். கண்ணாடிக்காரர் சுவரை மூன்று உயரத்தில் அளந்தார். மேலே ஒரு அளவும் கீழே இரண்டு மில்லிமீட்டர் குறைவாக ஒரு அளவும் வந்தது. மறுநாள் காலை வெளிச்சத்தில் மறுபடி அளந்தார்.

பிறகு மகளை நாற்காலியில் உட்கார வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லித் தரையிலிருந்து முழங்கை வரை அளந்தார்.

"அப்பா, கை வலிக்குது."

"ஆடாதே. ஐநூத்தி எண்பத்தி மூணு. இன்னொரு தடவை."

"பெரியப்பாவா இருந்தா கையை விரிச்சுப் பார்த்தே முடிச்சிடுவாரு."

குழந்தை கபடமில்லாமல்தான் சொன்னாள். அவருக்கு அது நெஞ்சில் நெருஞ்சி முள்ளாய்த் தைத்தது. "கைவிரல் எல்லாருக்கும் ஒரே அளவா இருக்குமா?" என்று கேட்டார். அவள் தன் விரலை விரித்துப் பார்த்துவிட்டு, "பெரியப்பாவுக்குப் பெரிசு" என்றாள்.

இரண்டாம் வாரம் அட்டையில் ஒரு மாதிரி மேசை செய்து சுவரில் ஒட்டினார். வாலு அதன்மேல் பென்சில் வைத்துப் பார்த்தாள். நின்றது. புத்தகம் வைத்தாள். மேசை மடங்கித் தலையில் விழுந்தது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு பால்கனிக்குப் போனாள். மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை, கடையில் இரண்டு ஆர்டர்களுக்கு நடுவே கிடைத்த பத்து நிமிடத்தில், தன் வேலை மேசை மேல் கிடந்த ரசீதின் பின்பக்கத்தில் கடைசிப் படத்தை வரைந்தார். எல்லா அளவும் எழுதி, துளைக்குப் பக்கத்தில் 'வலது' என்று தெளிவாகக் குறித்து, போகிற வழியில் பலகைக் கடையில் கொடுத்தார்.

பலகைகள் சனிக்கிழமை மதியம் வந்தன. ஒரு பக்கம் மட்டும் வழவழப்பான வெள்ளைத் தகடு ஒட்டிய பலகை. ஓரங்கள் எல்லாம் கத்தியால் கேக் வெட்டியதுபோல் இருந்தன. மனைவி வேலையிலிருந்து வருவதற்குள் பின்பலகையைச் சுவரில் சாத்திப் பார்த்துவிடுவோம் என்று தூக்கிவைத்தார். அகலம் சரி. உயரம் சரி. துளை மட்டும் இடது பக்கத்தில் இருந்தது. அதன் வழியே வெறும் சுவர் அவரைப் பார்த்தது.

திருப்பிப் போடலாம் என்றால் பின்பக்கம் தகடு இல்லை, கரடுமுரடு. தலைகீழாக வைத்தால் துளை காலடிக்கு வந்துவிடும். கடைக்காரர்களைக் கரித்துக் கொட்டியபடி ஃபோனில் எடுத்து வைத்திருந்த தன் படத்தைத் தேடிப் பார்த்தார். பார்த்ததும் வசவு பாதியில் நின்றது.

கண்ணாடித் தொழிலில் வலது என்றால் போட்டுக்கொள்பவரின் வலது. ஃப்ரேம் ஒரு முகத்தைப் போல அவரைப் பார்த்தபடி மேசையில் கிடக்கும். அதன் வலது லென்ஸ் அவருடைய இடக்கைப் பக்கம் இருக்கும். இருபத்திரண்டு வருடமாக அவர் கை 'வலது' என்ற சொல்லை இடப்பக்கத்தில்தான் எழுதி வந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை அந்த மேசையில் உட்கார்ந்து வரைந்தபோது, கை சுவரையும் ஒரு முகமாக எடுத்துக்கொண்டுவிட்டது. துளையை இடப்பக்கம் வரைந்து, பக்கத்தில் அழகாக 'வலது' என்று எழுதியிருந்தார். மூன்று வாரம் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக அளந்து, கடைசியில் ஐநூறு மில்லிமீட்டர் தள்ளித் துளை போட்டிருந்தார்.

பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. மனைவி உள்ளே வந்தாள். பலகையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க ஆச்சு?"

உண்மையைத்தான் சொல்ல நினைத்தார். ஆனால் அதற்கு முன்னால் ஒருமணி சட்டைக் கையை மடிப்பது கண்ணில் வந்து நின்றது.

"கடையில மாத்தி வெட்டிட்டாங்க," என்றார்.

அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அக்காவுக்கு ஃபோன் போட்டாள். "பாருக்கா, என்ன அநியாயம்னு. மூணு வாரமா அளந்த மனுஷன்க்கா. தலைமுடியையே நாலாப் பிளந்து அளக்கற கை. எங்க வீட்டுக்காரர் கையில அளவு தப்பி நான் பார்த்ததே இல்ல. அத்தான் மாதிரி கண்ணாலயே குத்துமதிப்பா போடற ஆளா இவரு?"

கண்ணாடிக்காரர் பலகையைத் துடைப்பதுபோல் பக்கத்திலேயே நின்றார். பன்னிரண்டு வருடக் குடித்தனத்தில் இப்படி ஒரு பேச்சை அவள் வாயிலிருந்து அவர் கேட்டதில்லை. அதுவும் ஒருமணியின் பெயரைச் சொல்லி, அவருக்கு மேலே தூக்கி வைத்து. துடைத்த இடத்தையே துடைத்தார். பொய்யின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்தும், இறங்க மனம் வரவில்லை.

"நாளைக்குக் காலையில அத்தானை அனுப்புக்கா," என்று அவள் தொடர்ந்தபோதுதான் துடைக்கும் துணி நின்றது. "இவரை அனுப்பினா அவங்ககிட்டயே சாரி சொல்லிட்டு வந்துடுவாரு. அத்தானுக்குத்தான் பேசத் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கெல்லாம் ஒருமணி டிரில் பையோடு படியேறி வந்துவிட்டார். மூன்று மாடி ஏறியும் மூச்சு வாங்கவில்லை. அதுவும் கண்ணாடிக்காரருக்குப் பிடிக்கவில்லை.

"என்ன சகலை, ஏமாத்திட்டாங்களா? வா, ஒரு கை பார்ப்போம்."

மனைவியும் கூடவே கிளம்பினாள். பலகைக் கடை பக்கத்துத் தெருவில்தான். ஞாயிறு மதியம் வரை திறந்திருக்கும். ரம்ப இயந்திரத்தை ஓட்டுவது ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும். காதடைப்பான் கழுத்தில் தொங்க, புருவமெல்லாம் மரத்தூளாக இருந்தாள். மனைவி சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டாள். சுவர் ஆணியில் குத்தி வைத்திருந்த சீட்டுகளில் இருந்து ஒன்றை உருவி மேசையில் வைத்தாள்.

"படத்துல துளை இந்தப் பக்கம் இருக்கு. எழுத்துல வலதுன்னு இருக்கு. ரெண்டுல எதைங்க நம்பறது? நான் மரம் வெட்டறவ. படத்துல இருந்ததை வெட்டினேன்."

ஒருமணி சீட்டைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கிச் சகலையைப் பார்த்தார். ஒரு நொடிதான். அந்த நொடியில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது கண்ணாடிக்காரருக்கும் புரிந்தது.

"அதெப்படிம்மா," என்று ஒருமணி குரலை உயர்த்தாமல் ஆரம்பித்தார். "எழுத்து ஒண்ணு சொல்லுது, படம் ஒண்ணு சொல்லுது. சந்தேகம் வந்தா ஒரு ஃபோன் பண்ணிக் கேக்க வேணாமா? நம்பர் கீழேயே எழுதியிருக்குல்ல?"

அந்தப் பெண் சீட்டை மறுபடி பார்த்தாள். "கேட்டிருக்கலாம்," என்றாள் தயக்கமாக. "வேலை நெருக்கடி."

"பார்த்தீங்களா, ஒத்துக்கறாங்க," என்றாள் மனைவி, கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு.

"சரிம்மா, வேற பலகை வெட்டித் தரேன். செவ்வாய்க்கிழமை. முதலாளிகிட்ட பேச்சு வாங்கறது நான்தானே, வாங்கிக்கறேன்."

மனைவி பார்க்காத பக்கமாகத் திரும்பி ஒருமணி கண்ணடித்தார். கவலைப்படாதே, நான் பார்த்துக்கொண்டேன், நமக்குள்ளேயே இருக்கட்டும் என்பதுபோல ஒரு கண்ணடிப்பு. அதில் கேலி இல்லை, பிரியம்தான் இருந்தது. கேலியாக இருந்திருந்தால் கண்ணாடிக்காரர் தாங்கியிருப்பார். இனி மனைவி தன்னைப் பற்றிப் பெருமையாக ஒரு வார்த்தை பேசினாலும் அதுவும் ஒருமணி செய்து கொடுத்ததாகிவிடும். வாசலில் அலமாரி, கூடத்தில் இனி வரப்போகும் மேசை, மனைவியின் வாயில் தன் நல்ல பெயர். மூன்றும் ஒரே கை செய்ததாகிவிடும். அந்தப் பெண்ணுக்காக இரக்கப்பட்டும் அல்ல, மனசாட்சி உறுத்தியும் அல்ல. இந்தக் கடைசியைத் தாங்க முடியாமல்தான் அவர் வாயைத் திறந்தார்.

"தப்பு என்னோடது."

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். எப்படி விளக்குவது என்று தெரியாமல், தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, முகம் அவர்களைப் பார்க்கும்படி மேசையில் வைத்தார். "இதுல வலது கண்ணு எந்தப் பக்கம் இருக்கு?"

ரம்பக்காரப் பெண் குனிந்து பார்த்து, தன் இடக்கைப் பக்கத்தைத் தொட்டாள்.

"அதான். அதே மாதிரி வரைஞ்சிட்டேன். நேத்தே தெரியும்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்போ உங்ககிட்ட கண்ணாடி வாங்கலாம். மேசைதான் வாங்கக் கூடாது," என்று சொல்லிவிட்டு, சீட்டை மறுபடி ஆணியில் குத்தினாள்.

மனைவியின் கை எப்போது தன் கையை விட்டது என்று அவர் கவனிக்கவில்லை. தெருவில் அவள் முன்னால் நடந்தாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பாமலே கேட்டாள்.

"அக்காகிட்ட நான் பேசினப்போ பக்கத்துலதானே நின்னீங்க?"

"ஆமா."

"நல்லா ரசிச்சுக் கேட்டீங்க."

"ஆமா."

"தப்பு பண்ணினதுக்குச் சிரிச்சிருப்பேன். ஒரு வாரம் சிரிச்சிருப்பேன், அவ்வளவுதான். இப்போ சிரிக்கவும் முடியல."

ஒருமணி நடுவில் புகுந்து ஆற்றப் பார்த்தார். "விடும்மா. ஜிக்சா ரம்பம் பையில இருக்கு. வலது பக்கம் ஒரு ஓட்டை போட்டு, இடது ஓட்டை மேல நல்ல ஸ்டிக்கரா ஒண்ணு ஒட்டிட்டா முடிஞ்சது. ஒரு மணி நேர வேலை."

அவள் நின்றாள். கணவனைப் பார்த்துத் திரும்பினாள். "சொல்லுங்க. இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் தேதி இருக்கு. அத்தான் கையில குடுக்கறதா, உங்க கையில வச்சுக்கறதா? ஸ்டிக்கர் ஒட்டின மேசையை நான் சுவத்துல ஏத்த மாட்டேன். அதையும் இப்பவே சொல்லிட்டேன்."

"என் கையில," என்றார் கண்ணாடிக்காரர். எப்படி என்று அப்போது அவருக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்து பலகையைக் கூடத்தின் நடுவே கிடத்தி, அதன் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஒருமணி ஜிக்சாவை எடுத்து பிளக்கில் சொருகத் தயாராக நின்றார். வாலு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்ணாடிக்காரர் இடது துளையின் ஓரத்தில் விரலை ஓட்டினார். சதுரம், நாலு மூலையும் லேசாக வளைந்த சதுரம். பார்க்கப் பார்க்க அது அவருக்கு மிகவும் பழக்கமான ஒன்றாகத் தெரிந்தது. ஒரு ஃப்ரேம். லென்ஸ் இல்லாத ஃப்ரேம்.

வலது பக்கம் போடப்போகும் துளையைக் கொஞ்சம் பெரிதாக அறுத்தால், நடுவிலிருந்து விழும் துண்டு இடது துளையைவிட ஒரு துளி பெரிதாக இருக்கும். பிறகு அதன் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே வரலாம். வாழ்நாளெல்லாம் செய்தது அதைத்தானே.

"ஜிக்சா வேணாம் அண்ணே. அதோட பல் தடிமன், துண்டு வீணாப் போயிடும்," என்றார். விளிம்பில்லாத கண்ணாடிகளுக்குத் துளை போடும் ஊசி மாதிரியான டிரில்லும் நூல் போன்ற கை ரம்பமும் வீட்டில் ஒரு பழைய டப்பாவில் இருந்தன. "நீங்க பலகையை மட்டும் பிடிச்சுக்கங்க."

ஒருமணி ஜிக்சாவைப் பைக்குள் வைத்துவிட்டுப் பலகையைப் பிடித்தார். அந்த வீட்டில் அவர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அறுப்பதற்கே இரண்டு மணி நேரம் ஆனது. சகலையால் உட்காரவே முடியவில்லை. முட்டியை மாற்றினார், கொட்டாவி விட்டார், ஃபோனை எட்டிப் பார்த்தார்.

"பெரியப்பா, ஆடாமப் பிடிங்க," என்றாள் வாலு.

"ஆடலடி."

"ஆடறீங்க. அப்பாவோட கோடு நெளியுது பாருங்க."

துண்டு முழுசாகக் கையில் வந்தது. அதன்பிறகு அரம். இரண்டு இழுப்பு, துளையில் வைத்துப் பார்ப்பது, மறுபடி இரண்டு இழுப்பு. மனைவி மூன்று தடவை அந்தப் பக்கம் நடந்தாள். ஒரு தடவை டீ வைத்துவிட்டுப் போனாள். யாருக்கு என்று சொல்லவில்லை. நாலரை மணிக்கு, மேலே ஒரு மரத்துண்டு வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். துண்டு உள்ளே போய் உட்கார்ந்தது. பசை தேவைப்படவில்லை. ஈரத்துணியால் துடைத்ததும் வெள்ளைப் பரப்பு மட்டும் இருந்தது.

சுவரில் துளை போட ஒருமணியின் டிரில்லைக் கடன் வாங்கினார். ஆனால் பிடித்தது அவரே. கொஞ்சம் கோணலாகப் போய், ஒரு துளையைத் திரும்பப் போட வேண்டியிருந்தது. ஆறு மணிக்கு மேசை சுவரில் நின்றது. வாலு விளக்கை பிளக்கில் சொருகி, நாற்காலியை இழுத்துப் போட்டு முழங்கையை வைத்தாள். சரியாக இருந்தது. சரியாக இருந்ததால் அவள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், காகிதமும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

மனைவி கிட்டே வந்து பின்பலகையின் இடது பக்கத்தில் நகத்தை ஓட்டினாள். மேலே, கீழே, குறுக்கே. நகம் ஓரிடத்தில் நின்றது.

"இங்கே இருக்கு," என்றாள். "தெரியுது." நகத்தை மறுபடி ஓட்டிவிட்டு, "தேடினாத்தான் தெரியுது," என்றாள். நேற்று பேசியதுபோல் எதுவும் பேசவில்லை. இனி சீக்கிரத்தில் பேசவும் மாட்டாள் என்று அவருக்குத் தெரிந்தது. அக்காவுக்கும் அவள் ஃபோன் செய்யவில்லை. டீ டம்ளரை எடுத்துக்கொண்டு போகும்போது மட்டும் மேசையை ஒரு தடவை மடக்கி, இறக்கிப் பார்த்தாள்.

ஒருமணி இன்னும் அந்த மூலையிலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் விரலும் பலகைமேல் ஓடியது. ஓடி, திரும்பி வந்து, மறுபடி ஓடியது.

"சகலை, மூலையை மட்டும் எப்படி இப்படி வளைச்சுக் கொண்டுவந்தே?"

சொல்வதற்கு இருந்தது. அரத்தை நேராக இழுக்கக்கூடாது, துண்டைத்தான் மணிக்கட்டோடு சுழற்ற வேண்டும். ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம்.

"பழக்கம்தான், அண்ணே," என்றார் கண்ணாடிக்காரர்.

ஒருமணி தலையை ஆட்டிக்கொண்டு பையைத் தோளில் மாட்டினார். அவர் ஒரு மாடி இறங்கியதும் கண்ணாடிக்காரருக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பலகையைப் பிடித்த மனிதர். காலையில் தனக்காக வாதாடவும் செய்தவர். அந்த மணிக்கட்டு விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று வெளியே வந்து, கைப்பிடியைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தார். கூப்பிட வாயெடுக்கும்போது, படிக்கட்டில் ஒருமணியின் குரல் ஃபோனில் கேட்டது. அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் பெரிய விஷயமில்ல. உள்ளங்கை அகலத் துண்டு ஒண்ணு. அதுக்குப் போய் அஞ்சு மணி நேரம் உரசிக்கிட்டு உக்காந்திருக்கான்... ஆமா, நல்லாத்தான் இருக்கு. இல்லேன்னு யார் சொன்னா... நான் பிடிக்கலேன்னா வந்திருக்குமா... போட்டோவா? எடுக்கல. எனக்கு எங்க நேரம்."

கண்ணாடிக்காரர் வாயை மூடிக்கொண்டார். அந்தக் குரலில் இருந்த காந்தலை அவர் நன்றாக அறிவார். ஒவ்வொரு சொல்லும் எந்த இடத்தில் குத்தி வெளியே வருகிறது என்பதுகூடத் தெரியும். கைப்பிடியில் முழங்கைகளை ஊன்றிக்கொண்டு, ஒரு சொல்லும் தவறிவிடாதபடி, ஒருமணி கீழ்த்தளத்துக்குப் போய்ச் சேரும்வரை கேட்டுக்கொண்டே நின்றார்.